கண்ணாடிக்காரரைப் பற்றி நூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல, பாராட்டுப் பத்திரமாகப் பிறந்தது. நூற்றைம்பது சொற்களுக்கு மிகக் கூடாது, சபையில் படிக்கத் தக்கதாக இருக்க வேண்டும், உண்மையாக இருந்தால் நல்லது என்று மூன்று நிபந்தனைகள் போட்டார்கள். மூன்றையும் ஒரே சமயத்தில் என்னால் காப்பாற்ற முடியவில்லை. இரண்டாவதை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் டென்னிஸ் கிளப்பில் இருப்பவை: இரண்டு கோர்ட், ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு நீள பெஞ்சு, தனியாகப் பந்தடித்துப் பழக ஒரு சுவர். உறுப்பினர்கள் நாற்பத்துமூன்று பேர். (நாற்பத்துநாலு என்றுதான் முதலில் எழுதினேன். காலமாகிவிட்ட தபால்காரரின் பெயரைப் பட்டியலிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் பந்துக்காக ஓர் அடி நகர்ந்தவரல்ல என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.)

சுற்றுவட்டாரத்து கிளப்புகளுக்கெல்லாம் மேலே ஒரு சங்கம் உண்டு. அது இந்த வருடம் ஒரு கடிதம் அனுப்பியது. ஒவ்வொரு கிளப்பும் தன் பகுதியில் டென்னிஸை வளர்த்த ஒரு தனிநபரையும் ஒரு குழுவையும் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பற்றி ஒரு பாராட்டு எழுதி அனுப்ப வேண்டும்; ஆண்டு விழாவில் சான்றிதழ் தரப்படும். கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

"நீங்கதான் எழுதணும் சார்."

"ஏன் நான்?"

"நம்ம கிளப்புல கூச்சமில்லாம பொய் சொல்றவர் நீங்க ஒருத்தர்தான். பாராட்டு எழுத அந்தப் பழக்கம் வேணும்."

கதவைத் திறந்துவிட்டு நின்ற என் மனைவி, செயலாளரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாசத்தோடு பார்த்தாள்.

நான் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலையில் இருந்தவன். முப்பத்திரண்டு வருடம் ஏறி இறங்கி, கடைசியில் புறப்பட்ட மாடியிலேயே ஓய்வு பெற்றேன். 'இந்த லிஃப்ட் பாதுகாப்பானது' என்ற ஒரு வாக்கியத்தைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறேன். அதையும் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துதான் எழுதுவேன்.

குழு விஷயத்தில் சிரமமே இல்லை. செவிலியர்கள் நால்வர் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பணி முடிந்து நேராக வந்து இரட்டையர் ஆட்டம் ஆடுவார்கள். ஆட்டத்தைவிடச் சண்டை அதிகம். எதிரணியோடு அல்ல, தன் அணிக்காரியோடு. சண்டை பார்க்க அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களில் ஆறு பேர் கிளப்பில் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பாராட்டைப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். சிக்கல் தனிநபரில் வந்தது.

2

தேர்தல் வைத்தால் நாற்பத்துமூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு விழும் என்று செயலாளருக்குத் தெரியும். அதனால் யார் பெயரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து ஒரே கேள்வி கேட்டார்: 'நீங்கள் இந்தக் கிளப்பில் நிலைத்துவிட்டதற்கு என்ன காரணம்?'

நாற்பத்துமூன்று சீட்டும் திரும்பி வந்தன. ஒருவர் மருத்துவர் சொன்னதால் என்றிருந்தார். ஒருவர் வீடு பக்கம் என்றிருந்தார். இரண்டு பேர் வீட்டில் இருக்க முடியாததால் என்றிருந்தார்கள். ஒருவர் கேள்வியைப் படிக்காமல், குழாய் ஒழுகுகிறது என்று புகார் எழுதியிருந்தார். மிச்சம் முப்பத்தெட்டுச் சீட்டிலும் வேறு வேறு கையெழுத்தில் ஒரே சமாசாரம். வந்த முதல் நாளே ஜெயித்தேன். அதனால் மறுநாளும் வந்தேன்.

செயலாளர் தகரக் கொட்டகையில் இருக்கும் ஸ்கோர் பதிவேட்டை எடுத்தார். அந்த முப்பத்தெட்டுப் பேரும் முதல் நாள் யாரை ஜெயித்தார்கள் என்று பக்கம் பக்கமாகத் தேடினார். முப்பத்தெட்டு இடத்திலும் எதிரே ஒரே பெயர்தான் இருந்தது.

சீட்டு எழுதிய ஒருவர்கூட அந்தப் பெயரை எழுதவில்லை.

(இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் நிற்கட்டும் என்று ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தேன். எழுத வராமல்தான் விட்டேன் என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். நிரப்பிவிட்டேன்.)

3

அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப்பேருடைய கண்ணை அளந்தவர். தெருவின் அந்தக் கோடியில் திரும்பும் பேருந்தின் எண்ணை இந்தக் கோடியிலிருந்து படித்துவிடுவார். ஆனால் தன்னை நோக்கி வரும் டென்னிஸ் பந்துக்கு, பெரிய மனுஷிக்கு வழிவிடுவதுபோல மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்.

மாலையில் கடையைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்காருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்கும். யாருடைய கண்ணாடி தளர்ந்திருந்தாலும் வாங்கி முடுக்கிக் கொடுப்பார். வேலை இல்லாதபோது எழுந்து போய்ச் சுவரோடு ஆடுவார். சுவரிடமும் தோற்பார் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அந்த நகைச்சுவையைக் கண்டுபிடித்தவன் நான்.

புதிதாகச் சேருகிறவர்களோடு ஆட எங்களில் யாருக்கும் பிடிக்காது. பாதிப் பந்து தெருவில் விழும், மீதி நேரம் பந்து பொறுக்குவதில் போகும். ஆகவே பத்தொன்பது வருடமாகப் புதியவர்களுக்கு நாங்கள் சொல்லி வருவது ஒரே வாக்கியம்: "அவரோட ஒரு செட் ஆடிப் பாருங்க." அவர் பெஞ்சிலிருந்து எழுவார். தோற்பார். புதியவர் வீட்டுக்குப் போய் மனைவி மக்களை உட்கார வைத்துச் சொல்வார். மறுநாள் புது ஷூவோடு வந்துவிடுவார்.

வந்தவர், நின்றவர், போனவர் எல்லாம் சேர்த்து மொத்தம் அறுபத்தொரு முதல் ஆட்டங்கள். அறுபத்தொன்றிலும் அவருக்குத் தோல்வி. இதை எப்படி ஐயா பாராட்டுவது? நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களை மறைக்காமல் தருகிறேன்:

'பத்தொன்பது ஆண்டுகளாக அயராது தோற்று—'

'வெற்றி தோல்வி இரண்டையும் சமமாகப் பார்க்கும் இவர், இரண்டில் ஒன்றைத்தான் இதுவரை பார்த்திருக்கிறார் என்றாலும்—'

'தான் வீழ்ந்து பிறரை வாழவைத்த—' (இரங்கல் கூட்டத்துக்கு எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னாள் மனைவி. தபால்காரருக்கு ஆகும் என்று எடுத்துவைத்திருக்கிறேன்.)

'தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகு—' (இதற்குமேல் எழுதவில்லை. எனக்கே என்மேல் மரியாதை போய்விடும்.)

4

நடுவில் ஓர் உதாரணம். பொய்யென்று நினைப்பவர்கள் எங்கள் கிளப்புக்கு வந்து ஆளையே நேரில் பார்க்கலாம்.

ஒரு நாள் கிளப்பின் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். சரி செய்ய ஒரு மெக்கானிக் பையோடு வந்து நின்றார். புது உறுப்பினர் என்று நினைத்து யாரோ வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்கள். அதுவும் வேலையில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று அவரும் கோர்ட்டுக்குள் போய்விட்டார். காலில் ரப்பர் செருப்பு. ஆறு-மூன்று என்று ஜெயித்தார். பிறகுதான் மோட்டார் எங்கே என்று கேட்டார்.

மறுநாள் அவர் மறுபடி வந்தார், அன்றைக்கு எதுவும் ரிப்பேராகியிருக்கவில்லை. மூன்றாம் வாரம், வருவதற்கு ஒரு முகாந்திரம் வேண்டுமென்று மோட்டாரைத் தானே கழற்றிப் போட்டார். நாலாம் வாரம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம், மோட்டாரைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. இன்றைக்கு எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே அவரைப்போல் பேக்ஹேண்ட் அடிக்க ஆளில்லை. மோட்டார் என்றே பெயராகிவிட்டது. முதல் நாளைப் பற்றி யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு, "அன்னைக்கு என் கைல என்னமோ இருந்துது சார்" என்பார். (ஸ்பானர் இருந்தது.)

5

இப்போது என் பாத்திரத்தின்மேல் எனக்கு வந்த சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். இந்த மனிதருக்கு நிஜமாகவே ஆடத் தெரியாதா, வேண்டுமென்றே தோற்றாரா?

ஸ்கோர்களைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது. போராடிப் பெற்றதைத்தான் மதிப்பேன் என்று சொல்லும் செயலாளர் அம்மாளுக்கு ஏழு-ஐந்து. வேலை போன மறுநாள் முகம் செத்து வந்த பேருந்து ஓட்டுநருக்கு ஆறு-பூஜ்யம். நாற்காலியில் உட்காரவைத்து ஒவ்வொரு வில்லையாக மாற்றி, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டு, ஆளுக்கு எது சேருமோ அதைக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் அதே மனிதர் ஒரு தடவை ஓங்கிச் சர்வ் அடித்து, பந்து அவருடைய பின்தலையிலேயே விழுந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் யாராலும் வேண்டுமென்றே செய்ய முடியாது.

நான் எதையோ மறைக்கிறேன் என்று உங்களுக்கு இதற்குள் தோன்றியிருந்தால் நீங்கள் நல்ல வாசகர். அறுபத்தொரு பேரில் முதல் ஆள் நான்தான். ஓய்வு பெற்ற மூன்றாம் நாள், ஐம்பத்தெட்டு வயதில், புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போய் அவரை ஜெயித்தேன். அதற்குப் பிறகு இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் வேறு யாரையும் ஜெயித்ததில்லை. என் கையில் இருப்பது அந்த ஒரே ஒரு வெற்றி. அதைக் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், மருத்துவமனையில் மயக்க மருந்து ஏறும்போது சொல்லியிருக்கிறேன், என்னோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவரிடம் ஒன்றரை மணி நேரம் சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஆறு-நாலு. சில வருடத்தில் ஆறு-இரண்டு ஆயிற்று. பேத்தி பிறந்ததிலிருந்து ஆறு-பூஜ்யம்.

அவர் வேண்டுமென்றே தோற்றிருந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? ஆகவே இந்த விஷயத்தில் ஆசிரியரை நம்பாதீர்கள். கட்சிக்காரனே தீர்ப்பு எழுதுகிறான்.

மனைவியிடம் புலம்பினேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்பது வருஷமா உங்ககிட்ட வாக்குவாதத்துல தோத்துக்கிட்டு வரேன். என்னைக்காவது சந்தேகப்பட்டீங்களா?"

சந்தேகப்பட்டதில்லை. அன்றிலிருந்து சந்தேகம் இரண்டாகிவிட்டது.

6

தகரக் கொட்டகையில் செயற்குழு கூடியது. அவசரம் இருந்தது. கண்ணாடிக்காரர் கடையைக் கைமாற்றிவிட்டு, மாதக் கடைசியில் வேறு ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். பாராட்டுவதென்றால் இப்போதே பாராட்ட வேண்டும். எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

தோற்றதற்கு நன்றி என்று எழுதினால், நிஜமாகவே ஆடத் தெரியாதவராக இருந்தால் மனம் நொந்துபோவார் என்றார் ஒருவர். வேண்டுமென்றே தோற்றவர் என்றால் நம் மனம் நொந்துபோகும் என்றார் இன்னொருவர். மோட்டார் தரையைப் பார்த்தபடி, "அப்படின்னா என் பேக்ஹேண்டை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டார். யாரும் இடம் சொல்லவில்லை. தன்னுடைய ஏழு-ஐந்தைப் பொறுத்தவரை, எதிராக நிரூபணம் வராதவரை அது நிற்கும் என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் பேசி இரண்டு தீர்மானம் நிறைவேற்றினோம். முதலாவது: கண்ணாடிக்காரருக்கு நேரம் தவறாமைக்காகப் பாராட்டு. கடையைச் சாத்திவிட்டு வருவதால் அவர் தினமும் கால்மணி நேரம் தாமதமாகத்தான் வருவார். ஆனால் அந்தப் பாராட்டால் யாருடைய வெற்றிக்கும் சேதமில்லை. அன்றைக்கே எழுதித் தபாலில் சேர்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவன் நான். இது வெறும் சுண்டைக்காய்.

இரண்டாவது: போவதற்குமுன் அவரை ஒரு தடவையாவது ஜெயிக்க வைக்க வேண்டும். யார் தோற்பது என்று ஒருவர் கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கென்ன சார்," என்றார் மோட்டார், "நீங்க எல்லார்கிட்டயும் தோத்துக்கிட்டுதானே இருக்கீங்க."

பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். இல்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதனால் ஒப்புக்கொண்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு ஆட்டம். ஒரு செட். பழைய நினைவுக்காக ஒரு ஆட்டம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். கிளப்பே கூடியிருந்தது.

முதல் சர்வ் என்னுடையது. திட்டப்படி வலையில் அடித்தேன். இரண்டாவதையும் வலையில் அடித்தேன். நாலு புள்ளியும் அப்படியே கொடுத்து முதல் கேமைத் தாரைவார்த்தேன். அடுத்து அவர் சர்வ். அவரும் எட்டுப் பந்தையும் ஒன்று விடாமல் வலையில் அடித்தார். ஒன்று-ஒன்று. நான் மறுபடி கொடுத்தேன், அவர் மறுபடி திருப்பிக் கொடுத்தார். விருந்தாளியும் வீட்டுக்காரரும் வாசலில் நின்று 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல' என்று சொல்வதுபோல ஆட்டம் போயிற்று. நாலு-நாலு. அதுவரை ஒரு பந்துகூட வலையைத் தாண்டவில்லை. பணி முடிந்து வந்திருந்த செவிலியர்களில் ஒருவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

ஒன்பதாவது கேமையும் நான் கொடுத்தேன். ஐந்து-நாலு, அவர் முன்னிலை. பக்கம் மாறும்போது அவர் குழாயடியில் நின்று கண்ணாடியைக் கழற்றிக் கழுவினார். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்களுக்குத் தோக்கத் தெரியல சார்," என்றார்.

பத்தொன்பது வருடமாக ஊரெல்லாம் தோற்றவன் நான். இப்படியோர் அவமானத்தை எதிர்பார்க்கவில்லை.

"பந்தை அடிக்கும்போது ஆகாசத்தைப் பாக்கறீங்க. ஜெயிக்கறவங்க எங்க வேணாலும் பாக்கலாம். தோக்கணும்னா பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது."

என் கையில் இருந்த தண்ணீர் அப்படியே நின்றது. கேட்டுவிட்டேன். "அப்போ அன்னைக்கு? பத்தொம்போது வருஷம் முன்னாடி? ஆறு-பூஜ்யம்?"

"ஆறு-நாலு," என்றார். "புது வெள்ளை ஷூ. நல்லாக் கடிச்சுது உங்களை. நாலாவது கேம்லேர்ந்து நொண்டினீங்க."

"வேணும்னே தோத்தீங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அது தெரியணும்னா மறுநாள் இன்னொரு ஆட்டம் கேட்டிருக்கலாமே சார். யாருமே கேக்கலியே."

கோபமில்லை. கண்ணில் பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"முதல் ஆட்டம் முடிஞ்சதும் எல்லாரும் நல்லா ஆடறவங்களோட போயிடுவாங்க. நான் சுவத்துக்குப் போயிடுவேன். சுவர் நல்லாத்தான் ஆடும். ஆனா ஒரு நல்ல அடி அடிச்சா 'பலே'ன்னு சொல்லாது."

குழாயடியில் பதிவேட்டோடு நின்ற செயலாளர் இதைக் கேட்டுவிட்டார். அளந்து பார்க்காமல் நம்பமாட்டார் என்று சொன்னேனே, அங்கேயே பக்கங்களைப் புரட்டினார். நானும் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். பத்தொன்பது வருடப் பதிவேட்டில் கண்ணாடிக்காரரின் பெயர் அறுபத்தொரு தடவை இருந்தது. எதிரே அறுபத்தொரு பெயர்கள். எந்தப் பெயரும் இரண்டாம் தடவை இல்லை. செயலாளர் தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"மிச்சத்தை நிஜமா ஆடலாமா சார்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நிஜமா ஆடினா நான் தோத்துடுவேனே."

"அதைத்தான் பாக்கலாமேன்னு."

இருக்கிற ஸ்கோரை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆடலாம் என்றேன். தலையாட்டினார்.

8

இனி என்ன நடந்தது என்பதற்கு மூன்று வரைவுகள் வைத்திருக்கிறேன்.

முதல் வரைவில் கண்ணாடிக்காரர் விசுவரூபம் எடுக்கிறார். அவர் அடித்த பந்து வலையில் ஓட்டை போட்டுக்கொண்டு போகிறது, மோட்டார் மயங்கி விழுகிறார், என் ராக்கெட்டிலிருந்து புகை வருகிறது. இரண்டு பக்கம், அருமையாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். அது நிஜமென்றால் முப்பத்தெட்டுச் சீட்டையும் கூடவே கிழிக்க வேண்டும்.

இரண்டாவது வரைவில் நான் ஜெயிக்கிறேன். மனைவி அதைப் படித்துவிட்டு, இன்னொரு தடவை படிக்கக் கேட்டாள். சிரித்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.

மூன்றாவதில் மழை வருகிறது. எழுதத் தெரியாதவனுக்கு வானமே துணை. ஆனால் அன்றைக்கு ஒரு மேகம்கூட இல்லை என்று நாற்பது பேர் சாட்சி சொல்வார்கள்.

நடந்ததில் இவ்வளவுதான் சொல்வேன். பந்து வலையைத் தாண்டியது. ஒரு கட்டத்தில் தொடர்ந்து முப்பத்தொரு தடவை தாண்டியது. (செவிலியர் இருபத்திரண்டு என்கிறார். அவர் பாதியில்தான் விழித்தார்.) எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கும் வாங்கியது. ஒரு பந்தை நான் கோட்டோரத்தில் வைத்தபோது அவர் அதை எடுக்க ஓடிக்கொண்டே "பலே" என்றார். திரும்பி வந்த அடியைப் பார்த்து நானும் சொன்னேன். முடிந்ததும் கைகொடுத்துக்கொண்டோம். செயலாளர் ஸ்கோரை எழுதி மையொற்றினார்.

யார் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். அவர் என்றால், ஆகா, அப்படியானால் வேண்டுமென்றேதான் தோற்றிருக்கிறார் என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். நான் என்றால், ஆறு-நாலை ஆறு-பூஜ்யம் ஆக்கியவன் பேச்சை எவன் நம்புவான் என்பீர்கள். பதிவேடு கொட்டகையில் இருக்கிறது. பூட்டு கிடையாது.

நான் வெளியே வந்தபோது வாசலில் மோட்டார் ராக்கெட்டோடு நின்றிருந்தார். "அடுத்தது நான்," என்றார் கண்ணாடிக்காரரிடம். அவருக்குப் பின்னால் செயலாளர், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவருக்குப் பின்னால் செவிலியர்கள், வரிசையில் யார் முதல் என்று சண்டை போட்டபடி. அதற்குப் பின்னால் பேருந்து ஓட்டுநர். வரிசை சுவர்வரை போயிற்று.

மாதம் முடியப் பதினொரு நாள் இருந்தது. காலையிலும் மாலையிலும் ஆடினார். எப்போது புறப்படுகிறீர்கள் என்று மகள் போனில் கேட்டபோது, "கொஞ்சம் வேலை இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்றாராம். அந்த ஆட்டங்களில் யாருக்கு என்ன தெரியவந்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போது கண்ணாடி மாற்றிய புதிதில் நடப்பவர்போல, தரை எங்கே இருக்கிறதென்று பார்த்து அடி வைத்தார். மோட்டார் இப்போதெல்லாம் முதல் நாளைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாவது ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார். அதில் தான் எப்படி ஆடினோம் என்று சொல்வதில்லை, அவர் எப்படி ஆடினார் என்று சொல்கிறார்.

(நானும் சும்மா இருக்கவில்லை. பழைய வாக்குவாதம் ஒன்றை எடுத்து, இதை நிஜமாக ஆடிப் பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அந்த ஸ்கோரையும் சொல்லமாட்டேன்.)

9

விழா, மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள். நேரம் தவறாமைக்கான சான்றிதழை வாங்க மேடைக்கு வரும்படி கண்ணாடிக்காரரைச் சங்கத் தலைவர் அழைத்தார். ஆள் இல்லை. இன்னொரு தடவை அழைத்தார். எங்கள் வரிசையில் எல்லோரும் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளப்பில், வரிசைச் சண்டையில் தோற்றுக் கடைசிக்குப் போன செவிலியரோடு அவர் ஆடிய செட் ஆறு-ஆறு என்று நீண்டு, அதற்கப்புறமும் நீண்டு, ஒரு மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க ஓடி வந்தார்கள். அதற்குள் மேடையில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தலைவர் காரிலிருந்து இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக்காரர் சான்றிதழைப் படித்தார். தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் வைத்து ஒரு தடவை.

"இதை எழுதினது நீங்கதானே சார்?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு வார்த்தைகூட நிஜமில்லையே."

நாற்காலி ஆடுகிற அளவுக்கு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம். பிறகு அதை நாலாக மடித்து, ஸ்க்ரூடிரைவர் இருக்கும் பையில் வைத்துக்கொண்டார். "என் பொண்ணு நம்பவே மாட்டா," என்றார். மறுநாள் புறப்பட்டுப் போனார். பேருந்தை விட்டுவிட்டு அடுத்த பேருந்தில்.

ஆகவே உண்மையான பாராட்டு ஒன்று நான் அவருக்குப் பாக்கி வைத்திருக்கிறேன். அதைத்தான் இவ்வளவு நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நூற்றைம்பது சொல் எப்போதோ தாண்டிவிட்டது. சங்கம் இதை வாங்காது.

10

முடிவு எழுத வேண்டும். முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் போனதும் ஓர் இடம் காலியானது. புதிதாக வருகிறவர்களோடு முதல் ஆட்டம் ஆட ஆள் வேண்டும். செயற்குழு கூடி என்னை நியமித்துவிட்டது. எனக்குத் தோற்கத் தெரியாது என்று அந்த மனிதரே சொல்லியிருக்கிறார் என்று ஆட்சேபித்தேன். "பழகிக்கோங்க சார்," என்றார் செயலாளர், தலை நிமிராமல். இப்போது தினமும் பழகுகிறேன். பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது எழுபத்தேழு வயதில் லேசான காரியமில்லை. இடையிடையே தவறிப்போய் ஒன்றிரண்டு புள்ளி ஜெயித்துவிடுகிறேன்.

இதுவரை புதிதாக யாரும் வரவில்லை. ஆகவே கதை இங்கேயே நிற்கிறது. மேற்கொண்டு நகர்த்த வேண்டியவர் நீங்கள்.

எந்த மாலையிலும் வரலாம். ராக்கெட் இல்லாவிட்டால் கொட்டகையில் தபால்காரருடையது இருக்கிறது. உங்களுக்கும் அந்த வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். முதல் ஆட்டம் என்னோடு. நீங்கள் ஜெயிப்பீர்கள். வீட்டுக்குப் போய் ஆசைதீரச் சொல்லிக்கொள்ளுங்கள், ஸ்கோரைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். அது உங்கள் திறமையா, என் திறமையா என்று மட்டும் நானாகச் சொல்லமாட்டேன்.

தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மறுநாளும் வாருங்கள். பக்கத்துக் கோர்ட்டில் நன்றாக ஆடுகிறவர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.